காந்தமும் கண்கட்டும்

மேசைமீது நீர் நிறைந்த குவளை. அதன் எதிரே ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். மடியிலே கிடக்கும் வரையில் அவள் கை அமைதியாகத்தான் இருக்கிறது. தாகம் தணிக்க எண்ணி அவள் கையை நீட்டுகிறாள். நீட்டிய மாத்திரத்தில் நடுக்கம் பிறக்கிறது. குவளையை நெருங்க நெருங்க நடுக்கம் வளர்கிறது. உதட்டருகே குவளை வந்து சேரும்போது, பாதி நீர் சேலையிலே, மீதி நீர் தரையிலே.

கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை என்பது நம் நாட்டுப் பழமொழி. அவளுக்கோ அது பழமொழியன்று. வேளைதோறும் நேரும் வேதனை.

அந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் பெயர் மல்ட்டிபிள் ஸ்க்ளீரோசிஸ். தண்டுவட மரப்பு நோய் என்று தமிழில் கூறுகிறோம். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளுக்கும் மயலின் எனும் மேலுறை உண்டு. நோய்க் கிருமிகளை எதிர்க்க உடலிலே அமைந்த காவற்படை, எக்காரணத்தாலோ எதிரியை விட்டுவிட்டுத் தன் வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. மேலுறை சிதைகிறது, சிதைந்த இடங்கள் தழும்பேறி மரத்துப் போகின்றன. மூளை அனுப்பும் கட்டளை வழியிலே தயங்குகிறது, தடுமாறுகிறது, சிலபோது போய்ச் சேராமலே நின்றுவிடுகிறது. 2020ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி 28 இலட்சம் பேருக்கு மேல் இந்நோயால் வாடினர். பெரும்பாலோர்க்கு அது தோன்றும் பருவம் 20 முதல் 40 வயது வரை. உழைக்க வேண்டிய வயது. ஆண்களைவிடப் பெண்களையே அது மிகுதியாகப் பற்றுகிறது, ஏறத்தாழ இருமடங்கு.

அந்நடுங்கும் கைக்கு உதவ, தலைக்கு வெளியே ஒரு கம்பிச்சுருளை வைத்து, காந்த ஆற்றலால் மூளையைத் தூண்டிப் பார்க்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். காந்தத்தால் நோய் தீருமா? கேட்டவுடன் பகுத்தறிவாளர் முகத்திலே நகைப்புத் தோன்றும். தோன்றுவது நியாயமே! ஏனெனில், காந்தத்தின் பெயரால் மாந்தர் ஏமாற்றப்பட்ட கதை இருநூறாண்டுக்கும் மேற்பட்டது. ஆயினும் அந்நகைப்போடு நின்றுவிடலாகாது. ஏமாற்றுக் காந்தம் எது, ஏற்கத்தக்க காந்தம் எது என்று பிரித்தறியும் வழி என்ன? அவ்வழியை மனித இனம் எவ்வாறு கண்டுபிடித்தது? அந்த வரலாற்றையே இங்குக் கூற விரும்புகிறோம்.

துன்பத்துக்குத் திருப்பெயர்

ஆலந்து நாட்டிலே ஸ்கீடம் என்பது ஓர் ஊர். அங்கே 1380ஆம் ஆண்டிலே பிறந்தவள் லிட்வினா. பதினைந்து வயதுச் சிறுமியாக இருக்கையில் பனிக்கட்டிமீது சறுக்கி விளையாடும்போது விழுந்தாள். விலா எலும்பு முறிந்தது. அதன்பின் அவள் எழுந்து நன்கு நடமாடவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கால் தளர்ந்தது, கை செயலிழந்தது, கண்ணொளியும் குன்றியது. 1433இல் மறையும் வரையில் படுக்கையே அவள் உலகமாயிற்று. எழுத்திலே பதிவாகிய தண்டுவட மரப்பு நோயாளருள் முதல்வர் இவராக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் ஐயுறுகின்றனர்.

அக்காலத்தவர் என்ன செய்தனர்? நோயின் காரணத்தைத் தேடினரா? இல்லை. துன்பத்துக்கு ஒரு திருப்பெயர் சூட்டினர். ஆண்டவன் அருளால் வந்த வேதனை என்றனர். படுக்கையைச் சுற்றி வழிபாடு நடந்தது. 1890ஆம் ஆண்டிலே உரோமாபுரியின் போப் அவ்வழிபாட்டுக்கு முறையான ஒப்புதலும் அளித்தார். நம் நாட்டிலே பிறந்திருந்தால் முன்வினைப் பயன் என்று அவளைப் பழித்திருப்பர். அந்நாட்டிலே பிறந்ததால் திருவருள் என்று புகழ்ந்தனர். பழிப்பும் புகழ்ச்சியும் ஒரே மரத்துக் கிளைகள். முன்வினை என்று சொன்னாலும், திருவருள் என்று சொன்னாலும், பிறகு யாரும் காரணத்தைத் தேடப் போவதில்லை!

தொட்டியைச் சுற்றிய கூட்டம்

ஆண்டுகள் உருண்டன. வியன்னா நகரிலே பிரான்ஸ் அண்டன் மெஸ்மர் என்றொரு மருத்துவர் தோன்றினார். 1774ஆம் ஆண்டிலே, இரும்பு கலந்த மருந்தை நோயாளியான ஒரு பெண்ணுக்குப் புகட்டி, அவள் உடலிலே காந்தங்களைக் கட்டிப் பார்த்தார். அவளுக்கு வலிப்பு வந்தது. பின்னர் நலமும் வந்தது என்றார். சில நாளில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். காந்தக் கட்டியே வேண்டியதில்லை, என் கையே போதும் என்றார்! வானத்துக் கோள்களிலிருந்து மானிட உடல் வரை ஊடுருவும் ஒரு மென்பாய்மம் உண்டு, அது தடைப்பட்டால் நோய், தடை நீங்கினால் நலம் என்று முழங்கினார். உயிர்க்காந்தம் என்று அதற்குப் பெயரும் வைத்தார்.

1778இல் அவர் பாரீசுக்கு வந்து சேர்ந்தார். சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டனர். மங்கிய ஒளி, மயக்கும் இசை, நடுவிலே மூடியிட்ட மரத்தொட்டி. தொட்டிக்குள் நீரும் இரும்புத் தூளும் புட்டிகளும். மூடியைத் துளைத்து வெளியே நீளும் இரும்புக் கம்பிகளை நோயுற்ற இடத்திலே அழுத்திக் கொண்டு அவர்கள் வட்டமிட்டு அமர்ந்தனர். சிலர் அழுதனர், சிலர் சிரித்தனர், சிலர் துடித்து விழுந்தனர். விழுந்தவர்களைக் கண்டு மற்றவர் நம்பினர், நம்பியவர்களும் விழுந்தனர். நம்மூர்த் திருவிழாவிலே சாமியாடுவோரைக் கண்டிருக்கும் நமக்கு இக்காட்சி புதிதன்று.

1784ஆம் ஆண்டிலே பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தான். அதிலே இடம் பெற்றோர் யார் யார்? இடியும் மின்னலும் தேவர்களின் ஆயுதமன்று, மின்சாரமே என்று காட்டிய பெஞ்சமின் பிராங்க்ளின். எரிதல் என்பது என்ன என்று விளக்கி வேதியியலுக்கு அடிகோலிய இலவாசியே. வானியல் வல்லுநர் பெய்லி. தலை வெட்டும் பொறிக்குத் தம் பெயர் ஒட்டிக்கொள்ளக் கண்ட மருத்துவர் கில்லட்டின். குழுவோடு ஒத்துழைக்க மெஸ்மர் மறுத்தார். அவர் மாணவர் தெஸ்லோன் முன்வந்தார்.

அக்குழு செய்த செயல் ஒன்று மருத்துவ வரலாற்றையே திருப்பிவிட்டது. என்ன செய்தனர்? சுவடிகளைப் புரட்டிச் சான்று தேடவில்லை. சொற்போர் நடத்தவில்லை. நோயாளரின் கண்களைக் கட்டினர். அவ்வளவுதான்!

பாசி எனுமிடத்திலே பிராங்க்ளின் தங்கியிருந்த மாளிகையின் தோட்டம். அங்கே மரமொன்றுக்குத் தெஸ்லோன் உயிர்க்காந்தம் ஏற்றினார். காந்தத்துக்கு மிக எளிதிலே ஆட்படுபவன் என்று அவரே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்ணைக் கட்டி அழைத்து வந்தனர். முதல் மரத்தைத் தழுவினான்; வியர்த்தான், இருமினான். அடுத்த மரத்திலே தலைவலி என்றான். நான்காம் மரத்தருகே மயங்கி விழுந்தான். ஆனால் காந்தம் ஏற்றிய மரமோ அதுவன்று. அது அப்பால் தொலைவிலே நின்று கொண்டிருந்தது!

இலவாசியேயின் இல்லத்திலே இன்னொரு சோதனை. ஒரு பெண்ணிடம் வரிசையாகக் கோப்பைகளைக் கொடுத்தனர். எதிலும் காந்தம் ஏற்றவில்லை. ஏற்றியதாக அவள் எண்ணினாள். இரண்டாம் கோப்பையிலே கலக்கம்; நான்காம் கோப்பையிலே வலிப்பு. பிறகு தாகமென்று அவள் நீர் கேட்டபோது, உண்மையாகவே காந்தம் ஏற்றிய கோப்பையை நீட்டினர். அமைதியாக வாங்கிப் பருகினாள்.

குழுவின் முடிவு தெளிவானது. காந்தமின்றிக் கற்பனை மட்டும் இருந்தால் வலிப்பு வருகிறது. கற்பனையின்றிக் காந்தம் மட்டும் இருந்தால் எதுவும் வருவதில்லை. எனவே, வேலை செய்தது காந்தமன்று, கற்பனையே!

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நோயாளர் நடித்தார்கள் என்று அவர்கள் கூறவில்லை. துடிப்பு மெய், வியர்வை மெய், மயக்கம் மெய்; அதற்குக் கற்பித்த காரணம்தான் பொய். துன்புற்றோரை ஏளனம் செய்யாமல், துன்பத்தின்மீது கட்டப்பட்ட வாணிகத்தை மட்டும் வெட்டி வீழ்த்திய பண்பு அது. கண்கட்டு வித்தை என்று நம்மவர் ஏமாற்றுக்காரனின் தொழிலைச் சொல்வர். பாசித் தோட்டத்திலே அதே கண்கட்டு, ஏமாற்றை வெளிப்படுத்தும் கருவியாயிற்று.

கொல்லன் மகன் கண்ட உண்மை

காந்தத்தின் மானம் பறிபோயிற்று. அதை மீட்டவர் யார்? இலண்டனுக்கு அருகே ஓர் ஏழைக் கொல்லனுக்கு 1791இல் பிறந்தவர் மைக்கேல் பாரடே. பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பதினான்காம் வயதிலே புத்தகம் கட்டும் கடையிலே வேலை கற்கச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த நூல்களைப் படித்தே கற்றவரானார். குலத்தைக் கேட்டுக் கல்வியளிக்கும் நாடாக அது இருந்திருந்தால், அவர் கையிலே சம்மட்டிதான் இருந்திருக்கும்.

மின்னோட்டம் பாயும் கம்பி அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்புகிறது என்று 1820இல் டென்மார்க்கு நாட்டு எர்ஸ்டெட் காட்டினார். மின்சாரத்தால் காந்தம் பிறக்குமானால், காந்தத்தால் மின்சாரம் பிறக்காதா என்று வினவினார் பாரடே. 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் விடை கிடைத்தது. ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பி சுற்றினார். ஒருபுறம் மின்னோட்டத்தைச் செலுத்திய கணத்திலே, மறுபுறக் கம்பியிலே மின்துடிப்பு ஒன்று எழுந்து அடங்கியது. நிறுத்திய கணத்திலே மீண்டும் எழுந்து அடங்கியது. இடையிலே, காந்தம் மாறாமல் நிற்கும்போது, எதுவும் இல்லை.

இதுவே இக்கட்டுரையின் அச்சாணி. அசையாத, மாறாத காந்தம் மின்னோட்டத்தைத் தூண்டாது. மாறும் காந்தமே தூண்டும். இவ்வொரு விதியை மனத்திலே நிறுத்திக் கொண்டால், பின்னர் வரும் மெய்யும் பொய்யும் தாமே பிரிந்து நிற்கும்.

மேசையைச் சுற்றி அமர்ந்து கைவைத்தால் ஆவிகள் வந்து அதைச் சுழற்றுகின்றன என்ற பித்து 1853இல் இங்கிலாந்தைப் பிடித்தாட்டியபோது, அதையும் ஆய்ந்தவர் இதே பாரடே. அமர்ந்திருந்தோர் தாமறியாமலே மேசையைத் தள்ளுகின்றனர் என்று எளிய கருவியொன்றால் காட்டினார். காந்தத்துக்கு மெய்யான ஆற்றலைக் கண்டவரே, ஆவிக்கு இல்லாத ஆற்றலை இல்லை என்றும் கண்டார்.

உடைந்த தட்டுகள்

இங்கிலாந்து மன்னன் மூன்றாம் ஜார்ஜின் பேரன் அகஸ்டஸ் தெஸ்தே. 1822இல் அவருக்குக் கண்பார்வை மங்கியது, மீண்டது, மீண்டும் மங்கியது. பின்னர்க் கால்கள் தளர்ந்தன. 1848இல் இறக்கும் வரையில் அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு, இந்நோயின் போக்கை நோயாளியே கூறும் பழைய ஆவணம். அவருக்கு மருத்துவர்கள் என்ன அளித்தனர்? அட்டை கடிக்க விட்டனர். நாளுக்கு இருமுறை மாட்டிறைச்சி உண்ணச் சொன்னர். மது அருந்தச் சொன்னர். அரச குருதியும் அவரைக் காக்கவில்லை. அரண்மனை மருத்துவமும் காக்கவில்லை.

இறந்தோரின் மூளையிலும் தண்டுவடத்திலும் தழும்புகளைக் கண்டு 1830களிலேயே கார்ஸ்வெல், குருவேயே ஆகியோர் படம் வரைந்தனர். ஆனால் அத்தழும்பையும், உயிரோடிருப்போரின் நடுக்கத்தையும் முழுமையாக இணைத்து, இது தனியொரு நோய் என்று 1868இல் நிறுவியவர் ழான் மார்ட்டின் சார்க்கோ. பாரீசிலே சல்பேத்திரியர் எனும் மாபெரும் விடுதி. ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் கிடந்து நைந்த இடம். உலகம் மறந்துவிட்ட அப்பெண்களை அவர் உற்று நோக்கினார்.

அவர் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியைப் பற்றி மருத்துவ உலகிலே ஒரு செய்தி வழங்குகிறது. அவள் கை நடுங்கும். தட்டுகள் விழுந்து உடையும். வேறு வீடாக இருந்தால் அன்றே விரட்டியிருப்பர். சார்க்கோ விரட்டவில்லை, உடைந்த தட்டுகளின் விலையைப் பொறுத்துக் கொண்டு ஆண்டுக்கணக்கிலே அவளைக் கவனித்து வந்தார். வேறு நோயென்றே எண்ணியிருந்தார். அவள் இறந்தபின் உடலை ஆய்ந்தபோது தழும்புகள் தென்பட்டன; தம் கணிப்பு தவறு என்று அறிந்தார். ஓய்ந்திருக்கையில் நடுங்கும் கை வேறு, ஒன்றை எட்டப் போகையில் நடுங்கும் கை வேறு என்ற வேறுபாடு, அத்தகைய ஏழைப் பெண்களின் கைகளிலிருந்தே மருத்துவ நூலுக்குள் ஏறியது.

அத்தகைய சார்க்கோவும் ஓரிடத்தில் வழுக்கினார் என்பதை நாம் மறைக்கலாகாது. உலோகத் தகடுகளை உடலிலே வைத்து நோய் தீர்க்கலாம் என்ற கூற்றை ஆராய 1876இல் அமைந்த குழுவிலே அவரும் இருந்தார். ஏற்கத்தக்கது என்று குழு கூறியது. காந்தத்தைக் காட்டினால் வலப்பக்க மரப்பு இடப்பக்கம் தாவுகிறது என்றும் அவர் பள்ளியினர் நம்பினர். பாசித் தோட்டத்துக் கண்கட்டு தொண்ணூறு ஆண்டுகளில் மறந்து போயிற்று! நோயாளர் மருத்துவரின் முகக்குறிப்பைப் படித்தனர். மருத்துவர் தம் எதிர்பார்ப்பையே சான்றென்று எண்ணினர். பேரறிஞர் கூறினார் என்பது சான்றாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூளையைத் தொட்ட கை

மூளையைத் தூண்டினால் உடல் அசையும் என்பது 1870வரை தெளிவாகவில்லை. அவ்வாண்டிலே பெர்லினில் பிரிட்சு, இட்சிக் எனும் இருவர், ஒரு நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். ஓரிடத்தைத் தொட்டால் கால், வேறோரிடத்தைத் தொட்டால் முகம் என, எதிர்ப்பக்கத்து உறுப்புகள் அசைந்தன. மூளையிலே இயக்கத்துக்கென இடமுண்டு என்பது உறுதியாயிற்று.

மனிதரிடம் இதைச் செய்து பார்த்த முதற் கதை, அறிவியலின் பெருமைக்குரியதன்று. 1874ஆம் ஆண்டிலே அமெரிக்க நாட்டுச் சின்சினாட்டியில், மண்டையோடு புண்ணால் அரிக்கப்பட்டு மூளை வெளியே தெரிய, ஏழை வேலைக்காரப் பெண் ஒருத்தி மருத்துவமனைக்கு வந்தாள். இராபர்ட்ஸ் பார்த்தலோ எனும் மருத்துவர் அவள் மூளையிலே ஊசி செருகி மின்சாரம் பாய்ச்சினார். கை அசைந்தது. மேலும் பாய்ச்சினார். அவள் கதறினாள், வலிப்பு வந்தது. சில நாளில் இறந்தாள். கண்டனம் எழுந்தது; இனி இதைச் செய்வது கொடிய குற்றமாகும் என்று அவரே எழுதினார். அறிவு வளர்ந்தது என்று மகிழும் நாம், எவருடைய உடலின்மீது வளர்ந்தது என்றும் கேட்க வேண்டும். ஏழையின் இசைவைக் கேளாத அறிவு, பூசாரியின் பலிபீடத்துக்கு அயலதன்று.

ஆக, மண்டையோட்டைத் திறவாமல் மூளையைத் தூண்ட வழியுண்டா என்பதே அடுத்த வினா.

1892இல், எடிசனின் ஆய்வுக்கூடத்திலே பீட்டர்சன், கென்னலி எனும் இருவர் ஆற்றல்மிக்க காந்தத்துக்குள் ஒரு நாயை மணிக்கணக்கில் வைத்தனர். ஒரு சிறுவனையும் வைத்துப் பார்த்தனர். யாதொரு மாறுதலும் இல்லை. மாறாக் காந்தத்தால் உடலுக்கு விளைவேதும் காணோம் என்று அறிவித்தனர். 1896இல் பிரெஞ்சு அறிஞர் தர்சன்வால், மாறுமின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தலையை நுழைக்கச் செய்தார். கண்ணிலே ஒளிப்பொறிகள் தோன்றின, தலை சுற்றியது. மாறாக் காந்தம் வாய்மூடி நின்ற இடத்திலே மாறும் காந்தம் பேசத் தொடங்கிற்று. பாரடே கண்ட விதி, மண்டையோட்டுக்குள்ளும் அவ்விதியே!

பிறகு நெடிய இடைவெளி. 1980இல் இலண்டனிலே மெர்ட்டன், மார்ட்டன் இருவரும் தலைத்தோலின் வழியே மின்சாரம் பாய்ச்சி மூளையைத் தூண்டிக் காட்டினர். ஆனால் வலி தாங்க முடியாதது. 1985இல் செபீல்டு நகரத்து அந்தோனி பார்க்கரும் அவர் தோழரும் வலியற்ற வழியைக் கண்டனர். தலைமேல் ஒரு கம்பிச்சுருள். அதிலே பல ஆயிரம் ஆம்பியர் மின்னோட்டம், ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்குக்கும் குறைந்த நேரம். அக்கணத்தில் ஏறத்தாழ 2 டெஸ்லா அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து மறைகிறது. மண்டையோடு அதற்குத் தடையன்று. புலம் மாறும் வேகத்தால் மூளைப் புறணியிலே சிறு மின்னோட்டம் தூண்டப்படுகிறது. சொடுக்கென்று ஓர் ஒலி; மறுகணம், நோயாளி நினையாமலே அவர் விரல் துடிக்கிறது.

மூளையிலிருந்து கைக்குச் செய்தி வந்து சேர நூற்றிலிரு பங்கு நொடி போதும். தண்டுவட மரப்பு நோயாளரிடம் அச்செய்தி தாமதமாக வருகிறது என்பதை மின்தூண்டலால் 1984லேயே அளந்தனர். வலியின்றி அளக்க இக்காந்தச் சுருள் உதவிற்று. 1981இலே இந்நோயின் தழும்புகளை உயிரோடிருப்போரின் மூளையிலேயே படம்பிடித்துக் காட்டிய கருவியும் காந்தக் கருவியே. சார்க்கோ பிணத்தை அறுத்துக் கண்டதை, காந்தம் உயிருள்ள உடலிலே காட்டிற்று.

ஒன்பது குழிகள்

அளக்கும் கருவி உதவும் கருவியாகுமா? காந்தத் துடிப்பை ஒருமுறையன்றி அடுத்தடுத்துத் தந்தால், துடிப்பு நின்ற பின்னும் சிறிது நேரம் மூளையின் கிளர்ச்சி மாறியிருக்கக் கண்டனர். பொதுவாக, நொடிக்கு ஒன்று என மெதுவாகத் தந்தால் கிளர்ச்சி தணிகிறது; நொடிக்கு ஐந்து, பத்து என விரைவாகத் தந்தால் மிகுகிறது.

கை தடுமாறாமல் குறியை எட்டச் செய்வது சிறுமூளை. அது பெருமூளையின் இயக்கப் பகுதிக்கு இடையறாது ஊக்கமும் திருத்தமும் அனுப்பிக் கொண்டிருக்கிறது. மரப்பு நோய் அவ்வழியைச் சிதைத்தால் கை தடுமாறும். குறைந்துபோன ஊக்கத்தை வெளியிலிருந்து சிறிது ஈடுசெய்தால் என்ன? இத்தாலி நாட்டிலே கோக் என்பாரும் அவர் குழுவினரும் கேட்ட வினா இது. சிறுமூளைக் கோளாறு கொண்ட மரப்பு நோயாளரின் இயக்கப் பகுதியை நொடிக்கு 5 துடிப்பு வீதம் தூண்டினர். பின்னர், ஒன்பது குழிகள் கொண்ட பலகையிலே ஒன்பது சிறு குச்சிகளைச் செருகி எடுக்கச் சொன்னர். ஆகும் நேரத்தை அளந்தனர். கைத்திறன் மேம்பட்டது என்று 2008இல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலே அந்நாட்டுச் சென்தோன்சே குழுவினர், கால்களின் விறைப்பு இத்தகைய தூண்டலால் தளர்வதாகக் கண்டிருந்தனர்.

ஆனால் எண்ணிப் பாருங்கள்: தலைமேல் பெரிய பொறி, சொடுக்கென்ற ஒலி, வெள்ளுடை அணிந்த மருத்துவர். மெஸ்மரின் தொட்டிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இங்கேயும் கற்பனை வேலை செய்யாதா? செய்யும்! ஆகையால்தான் கோக் குழுவினர் பொய்த்தூண்டலும் தந்தனர். பொறி இருக்கும், ஒலி இருக்கும், சடங்கனைத்தும் இருக்கும். ஆனால் மூளையைத் தூண்டும் புலம் மட்டும் இராது. மெய்த்தூண்டலிலே கண்ட மேம்பாடு பொய்த்தூண்டலிலே காணப்படாததால்தான் அவர்கள் கூற்றுக்கு மதிப்பு. பாசித் தோட்டத்துச் சிறுவனின் கண்ணிலே கட்டிய துணி, 224 ஆண்டுகளுக்குப் பின் பொய்த்தூண்டலாக வந்து நிற்கிறது.

இதனால் நோய் தீர்ந்ததா? இல்லை. அங்ஙனம் கூறுவது நம் வாயாலேயே மெஸ்மரின் பாட்டைப் பாடுவதாகும். அவ்வாய்வு சிறியது. சிதைந்த மேலுறையைக் காந்தத் தூண்டல் மீண்டும் நெய்து தருவதில்லை. மனச்சோர்வு நோய்க்கு இம்முறையை அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2008இல் ஏற்றது. ஒருவகை ஒற்றைத் தலைவலிக்கு 2013இல் ஏற்றது. மரப்பு நோயாளரின் கைத்தடுமாற்றத்துக்கோ அது இன்னும் ஆய்வு நிலையிலேயே நிற்கிறது. வலிப்பு வரும் ஆபத்து சிறிதளவு உண்டு. தலைக்குள் உலோகமோ கருவியோ பொருத்தப்பட்டோர்க்கு ஆகாது. நோயின் தாக்குதலைக் குறைக்கும் மருந்துகள் 1993 முதல் ஒவ்வொன்றாக வந்துள்ளன. எப்ஸ்டீன்-பார் எனும் நுண்கிருமியின் தொற்று இந்நோய்க்கு முன்னோடி என்பதற்கு 2022இல் வலிய சான்று கிடைத்தது. ஒரு கோடிக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரரின் பதிவுகளை ஆய்ந்து கண்டது அது. லிட்வினாவின் படுக்கையருகே திருவருள் என்று எழுதி வைத்த இடத்தை, இப்போது ஒரு கிருமியின் பெயர் நிரப்பத் தொடங்கியிருக்கிறது.

நாம் கேட்க வேண்டிய இரு வினாக்கள்

காந்த வளையல், காந்தப் படுக்கை, காந்தம் தோய்ந்த நீர் என்று இன்றும் கடைவிரிப்போர் உண்டு. அவர்கள் பேச்சிலே இப்போது அறிவியலின் சொற்களும் கலந்து வரும். மருத்துவமனையிலேயே காந்தத்தைப் பயன்படுத்துகிறார்களே என்பர். அவர்களிடம் இரண்டு வினாக்களைக் கேளுங்கள். உங்கள் காந்தம் மாறுகிறதா, மாறாமல் கிடக்கிறதா? இது முதல் வினா. மாறாமல் கிடக்கும் காந்தம் நரம்பைத் தூண்டாது என்பதைப் பாரடேயும், எடிசனின் கூடமும் எப்போதோ காட்டிவிட்டனர். யாருடைய கண்ணைக் கட்டி இதைச் சோதித்தீர்கள்? இது இரண்டாம் வினா. இதற்கு விடை கூற இயலாதவன் மெஸ்மரின் வாரிசு. அவன் எத்தனை பட்டம் பெற்றிருந்தாலும் சரியே.

அதே வினாக்களை நாம் நம்மிடமும் கேட்டுக் கொள்ள வேண்டும். மெஸ்மரைக் கண்டு நகைத்தது பகுத்தறிவு. மெஸ்மரை நினைத்துக் கொண்டு, சோதனை முடிவைப் பாராமலே பார்க்கரைக் கண்டும் நகைத்தால் அது பகுத்தறிவாகாது. மூடநம்பிக்கை தலைகீழாக நிற்பதாகும். நாம் ஏற்பதும் மறுப்பதும் பொருளின் பெயரை வைத்தன்று. சோதனையின் நேர்மையை வைத்து.

இன்னொன்றும் கூறி முடிக்க விரும்புகிறோம். நம் தெருவிலே, நம் உறவிலே, நடை தளர்ந்து கை நடுங்கும் இளம்பெண் ஒருத்தியைக் காணும்போது, முன்வினை என்றும் பேய்க்கோளாறு என்றும் ஊரார் பேசக் கேட்போம். அப்போது ஊராரின் மடமையை எடுத்துரைப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. அவளை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். உடைந்த தட்டுக்காக அவளைக் கடிந்து கொள்ளாதவர் ஒருவர் வேண்டும். இல்லாத மருந்தை உண்டென்று பொய் சொல்லாமல், இருக்கும் மருந்தைத் தேடித் தருபவர் ஒருவர் வேண்டும்.

குவளை மேசைமீது இருக்கிறது. அவள் கை இன்னும் நடுங்குகிறது. அறிவியல் அந்தக் கைக்கு இதுவரை தந்திருப்பது, ஒன்பது குழிகளிலே ஒன்பது குச்சிகளைச் சற்று விரைவாகச் செருகும் திறன் மட்டுமே. சிறிதுதான். ஆனால் சோதித்துப் பார்த்தது, பொய் கலவாதது. அவள் குவளையை எடுத்து முழுமையாகப் பருகும் நாள் வர வேண்டுமானால், அந்த வழியாகத்தான் வர வேண்டும். அது வரும் வரையில் குவளையைப் பிடித்துக் கொள்ள நம் கை இருக்கட்டும்.